கம்பெனி அனுப்பினால் மட்டும் போதுமா? முதல் தடவை வர்த்தக விசா கேட்பவர்கள் கவனத்துக்கு

லேக் கார்டன்ஸிலிருந்து காலையில் கிளம்பி டல்ஹவுசிக்கோ பார்க் ஸ்ட்ரீட்டுக்கோ போய், மாலையில் லேக் மார்க்கெட்டில் காய்கறி வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் தமிழ் உத்தியோகஸ்தருக்கு, கம்பெனி காரியமாக வெளிநாடு போகும் வாய்ப்பு வருவது சாமானிய விஷயமல்ல. குமாஸ்தாவாகச் சேர்ந்து, இருபது வருஷம் கணக்கும் கடிதமும் பார்த்து, தேயிலை, தோல், என்ஜினீயரிங் சாமான் என்று எதிலோ தேர்ச்சி பெற்றவரை அழைத்து, "அடுத்த மாதம் நீங்களே நேரில் போய்ப் பேசிவிட்டு வாருங்கள்" என்று மேலதிகாரி சொல்கிறார். அன்று மாலையே வீட்டில் பெட்டி வாங்குவதைப் பற்றிப் பேச்சு ஆரம்பமாகிவிடுகிறது.

பெட்டிக்கு முன்னால் வாங்க வேண்டியது விசா. கம்பெனி பெரியது, செலவு முழுவதும் அவர்களுடையது, ஆகவே விசா தானாக வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. விசா கம்பெனிக்குக் கிடைப்பதல்ல, ஆளுக்குக் கிடைப்பது. விசா அதிகாரி தெரிந்துகொள்ள விரும்புவது மூன்றே விஷயங்கள்: நீங்கள் யார், எதற்காகப் போகிறீர்கள், திரும்பி வருவீர்களா? இந்த மூன்றுக்கும் நீங்கள் கொடுக்கும் காகிதமும், வாயால் சொல்லும் பதிலும், வாழும் வாழ்க்கையும் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் தடவை விண்ணப்பிப்பவர் மனத்தில் வைக்க வேண்டியது இதுதான்.

இனிஷியல் படுத்தும் பாடு

நீங்கள் யார் என்ற முதல் கேள்வியிலேயே தமிழர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. பக்கத்து மேஜையில் இருக்கும் வங்காளி நண்பருக்குக் குடும்பப் பெயர் உண்டு. நமக்கு இருப்பது தகப்பனார் பெயரின் முதலெழுத்து. பாஸ்போர்ட்டில் இனிஷியலுக்கு இடமில்லை. அதை விரித்து முழுப்பெயராக எழுத வேண்டும். ஆபீஸ் ரிஜிஸ்டரில் 'கே.' என்ற ஓர் எழுத்தாக இருந்தது பாஸ்போர்ட்டில் 'கிருஷ்ணசாமி' என்று குடும்பப் பெயர் கட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. சிலர் அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டுவிடுகிறார்கள்.

காலியாக விட்டால் என்ன ஆகும்? அமெரிக்க விசா விண்ணப்பத்தில், பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்தால் அதைக் குடும்பப் பெயர் கட்டத்தில் எழுதி, சொந்தப் பெயர் கட்டத்தில் 'எஃப்.என்.யூ.' என்று போட வேண்டும். முதற்பெயர் தெரியவில்லை என்பது அதன் பொருள். பெற்றோர் வைத்த பெயருக்கு முன்னால் இப்படியொரு குறி சேர்ந்துவிடுகிறது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு நாடுகள், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா, விசிட் விசாக்களில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தபோது தென்னிந்தியப் பயணிகள் பலர் திகைத்துப் போனார்கள். பாஸ்போர்ட்டின் வேறு பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் ஏற்கலாம் என்ற விளக்கம் பிறகுதான் வந்தது.

ஆகவே, பயணப் பேச்சு எழுவதற்கு முன்பே பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். பெயர் இரண்டாகப் பிரிந்திருக்கிறதா? பான் கார்டு, ஆதார், பாங்க் கணக்கு, சம்பளச் சீட்டு ஆகியவற்றில் உள்ள பெயரோடு ஒத்துப்போகிறதா? வேறுபாடு இருந்தால் பாஸ்போர்ட்டை மறுபடி எடுக்கும்போது திருத்திக்கொள்ளலாம். 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குச் சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய். அவசரத்துக்குத் தத்கால் முறையில் மேலும் 2,000 ரூபாய்.

இன்னொன்று முகவரி. ஆதாரில் தஞ்சாவூர் முகவரியும், குடியிருப்பது கொல்கத்தாவிலுமாக இருப்பவர்கள் அநேகம். 2018 முதல் இந்தியாவில் எந்த ஊரிலிருந்தும் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் போலீஸ் விசாரணை விண்ணப்பத்தில் எழுதிய முகவரிக்குத்தான் வரும். இங்கே குடியிருந்தால் இந்த முகவரிக்கான சான்றைத் தயார் செய்துகொண்டு இதையே எழுதுவது நல்லது. ஊரில் பூட்டிக் கிடக்கும் வீட்டுக் கதவைப் போலீஸ்காரர் தட்டிவிட்டுப் போனால் நஷ்டம் உங்களுக்கே.

வர்த்தகம் வேறு, வேலை வேறு

அடுத்த கேள்வி, எதற்காகப் போகிறீர்கள் என்பது. இங்கேதான் அறியாமலே பலர் தவறிவிடுகிறார்கள். "வேலை விஷயமாகப் போகிறேன்" என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். விசா சட்டத்தில் வேலை என்றால் அந்த நாட்டில் உழைத்துச் சம்பாதிப்பது. அதற்கு வேறு விசா. வர்த்தக விசாவில் போகிறவர் கூட்டங்களில் கலந்துகொள்ளலாம், ஒப்பந்தம் பேசலாம், கண்காட்சியோ மாநாடோ பார்க்கலாம், வாடிக்கையாளரோடு ஆலோசிக்கலாம். அங்குள்ள ஒரு மேஜையில் உட்கார்ந்து அன்றாட வேலையைச் செய்யக் கூடாது. அமெரிக்காவில் இந்த வர்த்தக விசாவுக்குப் பி-1 என்று பெயர்.

இந்தக் கோட்டைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று உண்டு. பி-1 விசாவில் ஆட்களை அனுப்பி, வேலை விசா தேவைப்படும் பணிகளைச் செய்ய வைத்ததாக இன்போசிஸ் கம்பெனி மீது அமெரிக்க அரசு குற்றம் சாட்டியது. கம்பெனி அதை மறுத்தது. ஆனாலும் 2013 அக்டோபரில் 3 கோடியே 40 லட்சம் டாலர் கட்டிச் சமரசம் செய்துகொண்டது. 2025 செப்டம்பரில் ஜார்ஜியா மாநிலத்தில் ஹூண்டாய் வளாகத்தில் கட்டப்பட்டுவந்த பாட்டரி ஆலையில் அமெரிக்க அதிகாரிகள் சோதனை நடத்தி 475 பேரைப் பிடித்தார்கள். அவர்களில் 300 பேருக்கு மேல் தென் கொரியர்கள். குறுகிய காலப் பயணத்துக்கான அனுமதியில் வந்து ஆலையில் வேலை செய்யலாமா என்பதே அங்கும் எழுந்த கேள்வி.

பெரிய கம்பெனிகள் அபராதத்தைக் கட்டிவிட்டு அடுத்த காரியத்தைப் பார்க்கும். பாஸ்போர்ட்டில் முத்திரை விழுவது உங்கள் பெயருக்கு. "விசிட் என்று சொல்லிப் போய்விடுங்கள், அங்கே போய் மூன்று மாதம் பிராஜெக்ட் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஆபீஸில் யாராவது சொன்னால், போகும் காரியத்தை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது விவேகம்.

திரும்பி வருவீர்களா?

மூன்றாவது கேள்விதான் கடினமானது. 1952-ஆம் வருஷத்து அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் 214 (பி) என்று ஒரு பிரிவு இருக்கிறது. வருகிறவர் நிரந்தரமாகத் தங்கிவிட வருகிறார் என்றே அதிகாரி முதலில் வைத்துக்கொள்ள வேண்டும். அப்படி இல்லை என்று காட்டுவது விண்ணப்பதாரரின் பொறுப்பு. ஹோசிமின் சரணியில் நிற்கும் தமிழருக்கும் மணிலாவில் நிற்கும் பிலிப்பைன்ஸ்காரருக்கும் சட்டம் ஒன்றேதான். முன்பு வெளிநாடு போய்த் திரும்பியவருக்கு அந்தத் திரும்பலே சாட்சி. முதல் தடவை போகிறவருக்கு அது கிடையாது.

அவருக்கு எது சாட்சி? அவருடைய சாதாரண வாழ்க்கைதான். பல வருஷ உத்தியோகம், மாதா மாதம் பாங்கில் விழும் சம்பளம், வருமான வரிக் கணக்கு, பள்ளியில் படிக்கும் பிள்ளைகள், ஊரில் பெற்றோர். பகட்டாகக் காட்டிக்கொள்ள இவற்றில் எதுவும் இல்லையே என்று கூச்சப்பட வேண்டாம். திடீரென்று கணக்கில் விழுந்த ஐந்து லட்சத்தைவிட, பத்து வருஷமாக ஒரே இடத்திலிருந்து வரும் சம்பளத்துக்கு மதிப்பு அதிகம். இப்படிப் பணத்தைக் கடன் வாங்கிப் போட்டுக் காட்டுவது உதவி செய்வதற்குப் பதில் சந்தேகத்தையே கிளப்பும்.

கையில் இருக்க வேண்டியவை

வர்த்தக விசாவில் இரண்டு கடிதங்கள் முக்கியம். ஒன்று, உங்கள் கம்பெனியின் கடிதம்: பதவி, சேர்ந்த தேதி, சம்பளம், போகும் காரியம், போகும் தேதி, திரும்பி வந்து வேலையில் சேரும் தேதி, செலவு யாருடையது ஆகியவை அதில் இருக்க வேண்டும். மற்றொன்று, அங்குள்ள கம்பெனியின் அழைப்பு. அமெரிக்க விசாவுக்கு அழைப்புக் கடிதம் கட்டாயமில்லை. இருந்தால் தேதியும் காரியமும் தெளிவாகும். ஜப்பானுக்கு அழைப்புக் காரணக் கடிதம், உத்தரவாதக் கடிதம், தினசரி நிகழ்ச்சி நிரல் ஆகியவை அங்கிருந்தே வர வேண்டும். இரண்டு கடிதங்களிலும் ஒரு நாள் தேதி வித்தியாசம் இருந்தாலும் கேள்வி எழும்.

ஐரோப்பாவில் 29 நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு 2024 ஜூன் முதல் கட்டணம் 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவ இன்ஷூரன்ஸ் வேண்டும். புறப்படுவதற்கு ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவுக்குச் சாதாரணமாக 15 நாள். பாஸ்போர்ட் பத்து வருஷத்துக்குள் வழங்கப்பட்டதாகவும், திரும்பும் தேதிக்குப் பிறகு குறைந்தது மூன்று மாதம் செல்லுபடியாவதாகவும் இருக்க வேண்டும்.

அமெரிக்காவுக்கு டி.எஸ்.-160 என்ற விண்ணப்பத்தைக் கம்ப்யூட்டரில் பூர்த்தி செய்ய வேண்டும். கட்டணம் 185 டாலர். விசா கிடைக்காவிட்டால் திரும்பி வராது. மேலும் 250 டாலர் வசூலிக்க 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டம் வழி செய்திருக்கிறது. விண்ணப்பிக்கும் சமயத்தில் அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கைரேகையும் புகைப்படமும் ஒரு நாள், நேர்முகம் இன்னொரு நாள். ரவீந்திர சரோவரில் மெட்ரோ ஏறினால் ஐந்தாவது நிலையம் மைதான். அங்கிருந்து ஹோசிமின் சரணிக்கு நடந்தே போய்விடலாம். செல்போனை வீட்டில் வைத்துவிட்டுப் போவது நலம், உள்ளே அனுமதி இல்லை. நேர்முகம் சில நிமிஷங்களே. கட்டுக் காகிதம் கொண்டுபோனாலும் அதிகாரி ஒன்றையும் கேட்காமல் போகலாம். கேட்ட கேள்விக்கு மட்டும், இரண்டு வாக்கியத்தில், உண்மையான பதில் சொன்னால் போதும். ஆங்கிலம் சரளமாக வரவில்லையே என்று மனப்பாடம் செய்த பதிலை ஒப்பிப்பவர்கள்தான் தடுமாறுகிறார்கள்.

"நான் பார்த்துக்கிறேன் சார்!"

முதல் தடவை போகிறவரின் பயத்தை முதலீடாக்கிப் பிழைப்பவர்களும் உண்டு. "நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க சார், பேப்பர் எல்லாம் நான் பார்த்துக்கிறேன்" என்பது அவர்கள் பாட்டு. விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்ய உதவி கேட்பதில் தவறில்லை. ஆனால் கீழே கையெழுத்து உங்களுடையது. அதிலுள்ள ஒவ்வொரு வரிக்கும் பொறுப்பு உங்களுடையது. சம்பளத்தைக் கூட்டி எழுதினாலோ, முன்பு மறுக்கப்பட்டதை மறைத்தாலோ, ஏஜெண்ட் செய்தது என்று சொல்லித் தப்ப முடியாது. பொய்த் தகவல் தந்து விசா பெற முயன்றவருக்கு அமெரிக்கச் சட்டத்தில் ஆயுள் முழுவதும் தடை. சிறப்பு விலக்கு கிடைத்தாலொழிய நீங்காது. 2025 மார்ச்சில், தானியங்கி முறையில் வளைத்துப் போடப்பட்டிருந்த சுமார் 2,000 நேர்முகத் தேதிகளை இந்தியாவில் அமெரிக்கத் தூதரகம் ஒரேயடியாக ரத்து செய்தது. குறுக்கு வழியில் தேதி வாங்கியவர்களுக்குத் தேதியும் போயிற்று.

மறுத்துவிட்டால்?

எல்லாம் சரியாக இருந்தும் மறுப்பு வரலாம். 1967-இல் நம் சுப்ரீம் கோர்ட், வெளிநாடு செல்லும் உரிமை தனிமனிதச் சுதந்திரத்தில் அடங்கியது என்று தீர்ப்பளித்தது. அதே வருஷம் பாஸ்போர்ட் சட்டம் வந்தது. பாஸ்போர்ட்டைக் காரணமின்றி மறுக்க முடியாது. விசா அப்படியல்ல. அது அயல்நாட்டின் விருப்பம். அமெரிக்காவில் 214 (பி) மறுப்புக்கு அப்பீல் கிடையாது. மறுபடி கட்டணம் கட்டி விண்ணப்பிக்கலாம். நிலைமை எதுவும் மாறாமல் அடுத்த வாரமே போய் நிற்பதில் பயனில்லை. ஷெங்கன் நாடுகள் காரணத்தை எழுத்தில் கொடுக்கும். அப்பீலுக்கும் வழி உண்டு.

ஆபீஸில் தலை காட்ட முடியவில்லையே என்று குன்றிப் போகவும் வேண்டாம். கொல்கத்தாவுக்கு முதல் அமெரிக்கக் கான்சலாகப் பெஞ்சமின் ஜாய் என்ற வியாபாரியை ஜார்ஜ் வாஷிங்டன் 1792-இல் நியமித்தார். 1794-இல் அவர் இங்கே வந்து சேர்ந்தபோது கிழக்கிந்தியக் கம்பெனி அவரைக் கான்சலாக ஏற்க மறுத்துவிட்டது. இந்த ஊர்ச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, வெறும் வர்த்தக ஏஜெண்டாக இருந்துகொள்ளலாம் என்றுதான் அனுமதி கொடுத்தது. இன்று விசா கொடுக்கும் இடத்தின் முன்னோடிக்கே அன்று அந்தக் கதி!

மறுக்கப்பட்டால் அதை மறைக்காமல் மேலதிகாரியிடம் சொல்லிவிடுவதும், அடுத்த விண்ணப்பத்தில் ஒளிக்காமல் எழுதுவதும் அவசியம். சில நாடுகள், வேறு எந்த நாடாவது விசா மறுத்ததா என்றும் கேட்கின்றன. மறுப்பு ஒரு குற்றமல்ல, மறைப்பதுதான் குற்றமாகும்.

விசா கிடைத்தவருக்கும் ஒரு வார்த்தை. விசா என்பது வாசல் வரைக்கும்தான். எத்தனை நாள் தங்கலாம் என்பதை அங்கே விமான நிலையத்து அதிகாரி முடிவு செய்கிறார். இரண்டு கடிதங்களையும் திரும்பும் டிக்கெட்டையும் பெரிய பெட்டிக்குள் போடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே சொன்ன அதே காரணத்தை அங்கேயும் சொல்லுங்கள். சொன்ன தேதிக்குத் திரும்பி வாருங்கள். அடுத்த தடவை விண்ணப்பிக்கும்போது உங்களுக்காகப் பேச அந்தத் திரும்பல் முத்திரை இருக்கும்.