வேல்ஸின் மஞ்சள் ஜெர்சி

வேல்ஸின் தலைநகர் கார்டிஃபில் 1986-இல் பிறந்த கெரெய்ண்ட் தாமஸ், முதலில் ஓடுதளச் சைக்கிள் வீரர். நால்வர் சேர்ந்து 4 கிலோமீட்டர் விரட்டும் குழுப் போட்டியில் 2008 பெய்ஜிங், 2012 லண்டன் ஒலிம்பிக் இரண்டிலும் தங்கம் வென்றார்.

சாலையில் ஏற்றம் மெதுவாகவே வந்தது. 2007-இல் தன் முதல் டூர் டி பிரான்ஸை முடித்த 141 பேரில் அவருக்கு 140-ஆம் இடம். 2013 டூரின் முதல் நாளே கீழே விழுந்து இடுப்பெலும்பில் விரிசல். சைக்கிளில் ஏற்றிவிடவே ஆள் வேண்டியிருந்தது. ஆனாலும் மூன்று வாரமும் ஓட்டி, அணித்தலைவர் கிறிஸ் ஃபுரூமின் வெற்றிக்கு உழைத்தார். பதக்கங்களைவிட அவரைச் சரியாகக் காட்டுவது இதுதான்.

2018-இல் ஆல்ப் துயெஸ் மலையேற்றத்தை முன்னிலை வீரர் அணியும் மஞ்சள் ஜெர்சியுடனேயே வென்று, டூர் பட்டத்தையும் கைப்பற்றினார். வேல்ஸிலிருந்து அதைப் பெற்ற முதல் வீரர். 2023 ஜிரோ டி இத்தாலியா பட்டம் 14 விநாடி வித்தியாசத்தில் கைநழுவியது. 2025-இல் கார்டிஃபிலேயே ஓய்வுபெற்றார்.