என்புகள் எத்தனை?

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒருவர் படியிற் சறுக்கிக் காலை முறித்துக்கொண்டால், வீட்டார் இரு கட்சியாகப் பிரிவது வழக்கம். பெரியாஸ்பத்திரியில் எக்ஸ் கதிர்ப் படம் எடுக்கவேண்டும் என்பர் சிலர். முறிவு நெரிவு வைத்தியரிடம் எண்ணெய்க் கட்டுப் போடுவதே நலம் என்பர் வேறு சிலர். கால் என்னவோ ஒன்றுதான். ஆயினும், உடலிலுள்ள என்புகள் எத்தனை என்று கேட்டால் இரு சாத்திரங்களும் வெவ்வேறு தொகை கூறும்.

வளர்ந்த மனிதனுக்கு 206 என்புகள் என்பது நவீன உடற்கூற்றியலின் கணக்கு. சரகர் 360 என்றார். சுசுருதர் 300 என்றார். பழையோர்க்கு எண்ணத் தெரியவில்லை என்று நகைப்பது எளிது. ஆனால் சரகர் 32 பற்களையும், அவை பொருந்தியிருக்கும் 32 குழிகளையும், 20 நகங்களையும் என்பென்றே கொண்டார். சுசுருதர் நகங்களை விலக்கிப் பற்களையும் குருத்தெலும்புகளையும் சேர்த்தார். ஆகவே, எதனை என்பு என்பது என்னும் கேள்வியிலேயே வேற்றுமை தொடங்கிவிடுகிறது.

காலுக்கு வருவோம். சுசுருதர் கணக்கில் ஒரு காலுக்கு 30 என்புகள். விரல்களில் 15, உள்ளங்கால் முதற் கணுக்கால் வரை 10, குதிக்காலில் 1, கீழ்க்காலில் 2, முழங்காலில் 1, தொடையில் 1. இடுப்பென்பை நீக்கி எண்ணினால் நவீன நூலிலும் ஒரு காலுக்கு 30 தான்! வியப்புக்குரிய ஒற்றுமை, எனினும் முழு ஒற்றுமை அன்று. பெருவிரலுக்கு இரண்டு என்புகளே உண்டு, சுசுருதர் மூன்றென்றார். பாதத்தில் ஒன்றைக் குறைத்தெண்ணியதால் தொகை சரியாயிற்று.

இத்துணை நெருங்கி வந்தவர் குருதிக் குழாய்களில் மட்டும் வெகுதூரம் விலகியது எதனால்? 700 சிரைகளும் உந்தியிலிருந்து பிறக்கின்றன என்கிறது அந்நூல். கொப்பூழ்க்கொடி வழியே கரு ஊட்டம் பெறுவதைக் கண்டோர்க்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை. மேனாட்டிலும் கலென் என்ற கிரேக்க வைத்தியர் ஈரலே சிரைகளின் பிறப்பிடம் என்றார். இதயத்திலிருந்து புறப்படும் குருதி இதயத்துக்கே மீள்கிறது என ஹார்வி 1628இல் எழுதிய பின்னரே அக்கருத்து தளர்ந்தது.

சுசுருதர் உடலை ஆராய்ந்த முறையிலும் விடையின் ஒரு பகுதி உண்டு. பிரேதத்தைப் புல்லாற் சுற்றிக் கூட்டினுள் வைத்து, ஓடும் நீரில் ஏழு இரவுகள் ஊறவிட்டு, பின்னர் வெட்டிவேர், மூங்கில் முதலியவற்றாலான தூரிகையால் மெல்லத் தேய்த்துத் தோல் முதலாக ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டும் என்பது அவர் விதி. கத்தி படாத முறை அது. ஆனால் நம் நாட்டு வெப்பத்தில் ஏழு நாள் நீரிற் கிடந்த உடலில் என்பும் பிணைப்பும் நிற்கும். மூளையும் மெல்லிய குழாய்களும் குழைந்துபோம். மென்மையான உறுப்புக்களைக் கெடாது வைத்து நோக்க உதவும் போர்மலின், 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேதான் உடற்கூற்று அறைகளுக்கு வந்தது.

கொழும்பில் மருத்துவப் பள்ளி தோன்றியது 1870இல். சுதேச வைத்தியக் கல்லூரி 1929இல். பின்னையது இன்று கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தது. அங்கே கற்கும் மாணவர் 300 என்ற கணக்கையும் படிக்கின்றனர், 206 என்ற கணக்கையும் படிக்கின்றனர்.