சராசரி வயது 3: ஆர் மொழி கைவிட்ட பழைய பழக்கம்

ஐந்து நோயாளிகளின் வயது ஒரு கோப்பில் வரிசையாகப் பதிவாகியிருக்கிறது: 45, 52, 38, தெரியவில்லை, 61. நான்காமவர் வயது சொல்லாததால், பதிவு செய்தவர் அந்தக் கட்டத்தில் சொல்லாகவே எழுதிவிட்டார். கள ஆய்வுப் பதிவுகளில் இது சர்வசாதாரணம். இந்தக் கோப்பை ‘ஆர்’ நிரல்மொழியில் ஏற்றி, வயது நெடுவரிசையை எண்ணாக மாற்றிச் சராசரி கேட்டால், 2020 ஏப்ரல் வரை கிடைத்த விடை 3. வயது தெரிந்த நால்வரின் உண்மையான சராசரி 49. ஆர் எச்சரிக்கவும் இல்லை, பிழை என்று நிற்கவும் இல்லை.

3 எங்கிருந்து வந்தது? ஒரு நெடுவரிசையில் ஒரே ஒரு சொல் கலந்திருந்தாலும், ஆர் அதை முழுக்க எழுத்துத் தரவாகவே எடுத்துக்கொள்ளும். அன்றைய ஆர் அதோடு விடவில்லை. எழுத்துத் தரவு எதைக் கண்டாலும், கேட்காமலேயே ‘ஃபாக்டர்’ என்கிற வகைப்பட்டியலாக மாற்றியது. இருக்கும் மதிப்புகளை அகரவரிசையில் அடுக்கி, 38க்கு 1, 45க்கு 2, 52க்கு 3, 61க்கு 4, ‘தெரியவில்லை’க்கு 5 என்று குறியெண் போட்டுவிடும். பிறகு ‘எண்ணாக மாற்று’ என்றால், வயதை விட்டுவிட்டு அந்தக் குறியெண்களை எடுத்து நீட்டும்: 2, 3, 1, 5, 4. கூட்டி ஐந்தால் வகுத்தால் 3. வயதே சொல்லாதவருக்கும் ஒரு வயது!

இதையாவது பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிடலாம். பத்தாயிரம் வரிக் கோப்பில், தவறான விடையும் நம்பும்படியாக அமைந்துவிட்டால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

2020 ஏப்ரல் 24 அன்று வெளியான ஆர் 4.0.0 இந்தப் பழக்கத்தைக் கைவிட்டது. எழுத்து எழுத்தாகவே இருக்கும். வகைப்பட்டியல் வேண்டுமென்றால் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். மேலே சொன்ன கோப்பை இப்போது எண்ணாக மாற்றினால், நான்காம் இடம் வெற்றிடமாகும், கூடவே ஓர் எச்சரிக்கையும் வரும்.

பழைய ஏற்பாட்டைச் செய்தவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்லர். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1976இல் ஜான் சேம்பர்ஸும் சகாக்களும் ‘எஸ்’ என்ற மொழியைத் தொடங்கினார்கள். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் 1990களின் தொடக்கத்தில் அதன் வழியில் ஆரை உருவாக்கினார்கள். 1995இல் அது திறமூல உரிமத்தின்கீழ் இலவசமானது, 1.0.0 பதிப்பு 2000 பிப்ரவரி 29இல் வந்தது. பயன்படுத்தியவர்கள் பெரும்பாலும் புள்ளியியலாளர்கள். அவர்களுடைய கோப்பில் எழுத்து என்றாலே ஆண்–பெண், மருந்து–போலி மருந்து போன்ற வகைகள்தான். கணிப்பு மாதிரிகளுக்கு அவை குறியெண்ணாகத்தான் வேண்டும். நினைவகமும் மிச்சமானது.

பிற்பாடு பெயர், முகவரி, சமூக ஊடகப் பதிவு எல்லாம் தரவாகின. ஒரே சொல் எத்தனை முறை வந்தாலும் ஒருமுறை மட்டும் சேமிக்கும் வசதி ஆருக்கே வந்துவிட்டதால், நினைவகச் சாக்கும் போயிற்று. அகரவரிசைச் சிக்கல் வேறு. எஸ்டோனிய மொழியில் ‘இசட்’ எழுத்துக்கு இடம் ‘எஸ்’ஸுக்குப் பக்கத்தில், ‘டி’க்கு முன்னால். ஆகவே ஒரே கோப்புக்கு எஸ்டோனியாவின் டாலின் நகரக் கணினி ஒரு குறியெண்ணும் வியன்னாவின் கணினி வேறொன்றும் தரக்கூடும். யார் செய்தாலும் ஒரே விடை வர வேண்டிய துறையில் இதை எப்படிச் சகிப்பது?

பின் ஏன் இவ்வளவு தாமதம்? ஆருக்கான துணைத் தொகுப்புகளைத் திரட்டி வைத்திருக்கும் ‘கிரான்’ களஞ்சியத்தில் அப்போது 15,000க்கும் மேற்பட்ட தொகுப்புகள் இருந்தன. அவற்றில் பல, பழைய நடத்தையை நம்பி எழுதப்பட்டவை. அதை மாற்றினால் யாருடைய நிரலோ உடையும். அதனால்தான் இத்தகைய மாற்றங்கள் முதல் இலக்கம் மாறும் பெரும் பதிப்புகளுக்காகக் காத்திருக்கின்றன. 2.0.0 வந்தது 2004இல், 3.0.0 வந்தது 2013இல். 4.0.0இன் மாற்றத்தை முன்கூட்டியே அறிவித்து, தொகுப்பு ஆசிரியர்கள் தங்கள் நிரலைச் சரிசெய்ய அவகாசம் கொடுத்தார்கள். விற்பனைக்காக ஆண்டுதோறும் ‘புத்தம் புதிது’ காட்ட வேண்டிய நிறுவனம் இப்படியொரு வேலைக்குப் பெரும் பதிப்பைச் செலவிடுமா என்பது சந்தேகமே.

மற்ற மாற்றங்களும் உண்டு. விண்டோஸ் கோப்புப் பாதையில் வரும் பின்சாய்கோடுகளை இரட்டிக்காமல் அப்படியே எழுத வழி வந்தது. வரைபடங்களின் கண்ணைப் பறிக்கும் இயல்பு வண்ணங்கள் மாறின. நிறக்குறைபாடு உள்ளவர்களையும் அதில் நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஏற்கெனவே நிறுவிய தொகுப்புகளை எல்லாம் மீண்டும் நிறுவ வேண்டியிருந்ததுதான் தலைவலி. பதிப்பின் செல்லப்பெயர் ‘ஆர்பர் டே’. இந்தப் பெயர்களை ‘பீனட்ஸ்’ படக்கதையிலிருந்து எடுப்பது ஆர் குழுவின் வழக்கம்.

தமிழில் தரவு வைத்திருப்பவர்களுக்கு நிம்மதி கிடைக்க இன்னும் இரண்டு ஆண்டுகள் ஆயின. விண்டோஸில் தமிழ்ச் சொற்கள் உள்ள அட்டவணையைத் திரையில் காட்டச் சொன்னால், பழைய ஆர் பெரும்பாலும் ஒவ்வோர் எழுத்துக்கும் பதிலாகக் கோணக் குறிகளுக்குள் யுனிகோடு எண்ணைக் கொட்டும். 2022 ஏப்ரலில் வந்த 4.2.0, புதிய விண்டோஸ் பதிப்புகளில் யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறைக்கு மாறியபின் ‘மதுரை’ மதுரையாகவே தெரிகிறது.

2020க்கு முன் எழுதிய ஆர் நிரல் உங்களிடம் இருந்தால், அதைப் புதிய பதிப்பில் அப்படியே ஓட்டிவிடாதீர்கள். கோப்பை ஏற்றும் வரியைத் தேடி, எழுத்துத் தரவு வகைப்பட்டியலாக மாற வேண்டுமா வேண்டாமா என்பதை அங்கேயே வெளிப்படையாக எழுதுங்கள். பழைய நிரலில் எழுத்து நெடுவரிசையை நேரே எண்ணாக மாற்றிய இடம் இருந்தால், அதன் விடையை இன்னொரு முறை சரிபாருங்கள்.