கினிகத்தேனைப் பகுதியில் வீட்டுப் பழத்தோட்டம்

நெற்செய்கையில் நேர்ந்த பிழையை அடுத்த போகத்தில் திருத்திக்கொள்ளலாம். மரக்கறிப் பாத்தியில் நேர்ந்த பிழை மூன்று மாதத்தில் தெரிந்துவிடும். பழமரம் நடுவதில் நேரும் பிழையோ ஏழெட்டு ஆண்டுகள் சென்ற பின்னரே வெளிப்படும். ஆகையால், கன்றை வாங்குமுன் சிந்தித்தலே பழச்செய்கையின் முதல் வேலையாகும்.

கித்துல்கலையிலிருந்து அட்டன் நோக்கி ஏறும் வழியில் உள்ள கினிகத்தேனை மழை மிகுந்த பிரதேசமாகும். அயலிலுள்ள வட்டவளையில் ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரை, அதாவது ஏறத்தாழ 200 அங்குலத்தை, எட்டுவதும் கடப்பதும் உண்டு. இம்மழையின் பெரும் பகுதி மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றினால் கிடைப்பதாகும். இங்கு பழக்கன்றுக்கு வறட்சியினும் தேங்கும் நீரே பெரும் பகையாம்.

ஏற்ற மரங்கள்

தாழ்ந்த, வெப்பமான சரிவுகளில் றம்புட்டான், மங்குஸ்தான் ஆகியன வளரும். ஆனைக்கொய்யா, கொய்யா, வாழை என்பனவும் இப்பகுதிக்கு ஏற்றவை. நுவரெலியா போன்ற உயர்ந்த குளிர்ப் பகுதிகளுக்கு முதலிரண்டும் பொருந்தா. அங்கு பேரி, பிளம்ஸ் முதலியன நடப்படுகின்றன.

றம்புட்டான் விதையை முளைக்க வைத்தால் ஆண்மரமும் தோன்றக்கூடும். அது பூக்குமேயன்றிக் காய்க்காது. எனவே ஒட்டுக்கன்றே நடுதல் வேண்டும். ஆனைக்கொய்யாவும் விதையிலிருந்து தாய்மரத்தின் குணம் மாறாது வருவதில்லை. அதற்கும் ஒட்டுக்கன்றே சிறந்தது. மங்குஸ்தான் இதற்கு விலக்காகும். அதன் விதை மகரந்தச் சேர்க்கையின்றியே உண்டாவதால் நாற்று தாய்மரத்தையே ஒத்திருக்கும். ஆயினும் அது காய்க்க ஏழு முதல் பத்து ஆண்டுகள் வரை பொறுத்திருத்தல் வேண்டும். முதற் சில ஆண்டுகள் நிழலும் அளித்தல் வேண்டும்.

இடத்தின் அளவு

தோட்டப் புறங்களில் அண்மைக் காலத்தில் வழங்கப்பட்ட வீட்டுக்காணிகள் பல 7 பேர்ச் அளவின. அதாவது ஏறத்தாழ 1,900 சதுர அடி. வீடு போக எஞ்சும் நிலத்தில் பெருமரம் ஒன்றுக்கே இடமுண்டு. றம்புட்டானுக்கும் ஆனைக்கொய்யாவுக்கும் 25 முதல் 30 அடி இடைவெளி வேண்டும். கொய்யா, வாழை, வேலியிற் படரும் கொடித்தோடை ஆகியன சிறு காணிக்கு ஏற்றவை.

பலா நட விரும்புவோர் ஒன்றை நினைவிற் கொள்க. 1951ஆம் ஆண்டு இயற்றப்பட்ட மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பலாவையும் ஈரப்பலாவையும் அனுமதிப்பத்திரம் இன்றி வெட்டலாகாது. கூரையருகே நட்டுவிட்டுப் பின்னர் வருந்துவதிற் பயனில்லை.

நடும் முறை

களிமண் நிலத்தில் தோண்டிய குழி மழைக்காலத்தில் வாளியைப் போல நீரைப் பிடித்து வைக்கும். இதனால் வேர் அழுகும். ஆனைக்கொய்யா இவ்வழுகலுக்கு எளிதில் இரையாகும். இலை சிறுத்து மஞ்சளாகி, கிளை நுனியிலிருந்து காய்வதே அதன் அறிகுறி. இதைத் தவிர்க்கும் வழி வருமாறு:

1. மூன்றடி நீள, அகல, ஆழமுள்ள குழி தோண்டி, மேல்மண்ணை வேறாக வைத்தல் வேண்டும்.

2. மேல்மண்ணுடன் நன்கு மக்கிய கூட்டெருவைக் கலந்து குழியை நிரப்பி, நிலமட்டத்திற்கு ஓரடி உயரமாக மேடு அமைத்தல் வேண்டும்.

3. குழிக்கு மேற்புறத்தே சரிவுக்குக் குறுக்காகச் சிறு கான் வெட்டி, வழிந்து வரும் நீரைப் பக்கமாகத் திருப்புதல் வேண்டும்.

4. ஏப்ரல் மாத இடிமழையுடன், தவறின் ஒக்டோபரில், மேட்டின் மீது கன்றை நடுக. ஒட்டிய இடம் மண்ணுக்கு மேலே நிற்றல் அவசியம்.

5. புல்லையோ முள்முருக்குத் தழையையோ மூடாக்காக இடுக. அது தண்டைத் தொடலாகாது.

சரிவு நிலத்தில் எச்சரிக்கை

2025 நவம்பரில் வந்த ‘டிட்வா’ சூறாவளியின் மழையால் மலைநாட்டில் நேர்ந்த மண்சரிவுகள் பல உயிர்களைக் கொண்டன. மரம் நடுவதற்காக வீட்டின் பின்புறச் சரிவைச் செங்குத்தாக வெட்டுதல் ஆகாது. கானில் ஓடும் நீர் வீட்டுப் பக்கமோ அயலார் காணிக்கோ பாயாதிருத்தல் வேண்டும். நிலத்தில் வெடிப்புக் காணப்படின், மரத்தை நம்பி அங்கே தங்கியிராது உடனே வெளியேறி, கிராம அலுவலருக்கு அறிவித்தல் வேண்டும்.

மரம் காய்க்கும் வரை இடைநிலத்தில் வாழையும் மரக்கறியும் பயிரிட்டுப் பயன் பெறலாம். இன்று முறையாக நடும் ஒரு கன்று நாளை பிள்ளைகளுக்குப் பழமாகும். மிகுந்தது சந்தையிற் பணமாகும்.