சுமந்தவர்கள் – 9: குளம்படியும் கேடியும்

கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து துரைமார்களை டோலியில் மலையேற்றியவர்களின் கதையைப் போன வாரமே சொல்லியாயிற்று. தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். இந்த வாரம் கொடைக்கானல் கோல்ஃப் கேடிகளின் கூலிக்கணக்கு என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

“கேடியா? யாரைத் திட்டி எழுதுறீங்க?” என்றது வீட்டுக் குரல். நம்மூர்க் கேடி, போலீஸ் பதிவேட்டின் ‘கே.டி.’யிலிருந்து வந்தவன். மைதானத்துக் கேடியின் வம்சமே வேறு. என்.சி.சி.யில் ‘கேடட்’ என்கிறோமே, அதே பிரெஞ்சுச் சொல்தான் ஸ்காட்லாந்துக்குப் போய், எடுபிடி வேலை பார்த்து, கடைசியில் தோளில் பையை மாட்டிக்கொண்டது.

கொடைக்கானல் கோல்ஃப் கிளப் தொடங்கியது 1895இல். மோட்டார் ஏறும் சாலை வந்ததோ 1914இல். ஆக, முதல் 19 ஆண்டுகள் மட்டைகளும் மனிதர் தோளிலோ பொதிமாட்டின் முதுகிலோதான் மேலே வந்திருக்க வேண்டும்.

பையில் 14 மட்டைகள் வரை இருக்கலாம். அதைச் சுமப்பது பாதி வேலைதான். பந்து எந்தப் புதரில் விழுந்தது, குழி எத்தனை கெஜம், புல்தரை எந்தப் பக்கம் சாய்கிறது என்று கேடி பார்த்துச் சொல்ல வேண்டும். மலைச்சரிவில் துரையின் கண் ஏமாறும். தினமும் நடக்கிறவர் கால் ஏமாறாது. எப்படி அடிக்கலாம் என்று எதிராளியிடம் யோசனை கேட்டால் தண்டம். தன் கேடியிடம் தாராளமாகக் கேட்கலாம். டோலி தூக்கியவரிடம் யார் யோசனை கேட்டார்கள்?

கூலிக்கு வருவதற்குள் காட்டுமாடு குறுக்கே வந்துவிட்டது. தூண் பாறை போகும் வழியில் உள்ள இந்த மைதானத்தில் அவை மேய்வது கொடைக்காரர்களுக்குப் புதிதல்ல. வளர்ந்த கடா கிட்டத்தட்ட ஒரு டன் இருக்கும். அதன் காலடியில் பந்து கிடந்தால்? விதிப்புத்தகத்தைப் புரட்டினேன், இரவு போனதே தெரியவில்லை. விதி 16.2: ஆபத்தான விலங்கு அருகிலிருந்தால் தண்டமின்றிப் பந்தை வேறிடத்தில் போட்டு ஆடலாம். விஷப்பாம்பு, கொட்டும் தேனீ, முதலை, கரடி எல்லாம் உதாரணத்தில் உண்டு. நம் காட்டுமாட்டின் பெயர் இல்லை. ஆனால் அது ‘போன்ற’வற்றில் அடங்கும்.

இன்னொன்று: குழியைச் சுற்றியுள்ள வழுவழுப்பான புல்தரையில் விலங்கின் குளம்படி பதிந்திருந்தால் சரிசெய்துகொண்டு ஆடலாம். ‘குளம்படி’ என்றே விதியில் இருக்கிறது! இந்தச் சலுகை 2019இல்தான் வந்தது. அதற்குமுன் பந்து போகும் வழியில் ஒரு குளம்படி இருந்தால், அதன் பள்ளமும் சேர்ந்ததுதான் ஆட்டம். அப்படிப்பட்ட தரையில் கேடியின் கண்ணுக்கு என்ன விலை!

கூலிக்கணக்கு என்றுதானே ஆரம்பித்தேன்? ஆசிரியர் இரண்டாவது முறையாக அழைத்துவிட்டார், பக்கம் முடிந்தது. தில்லி கோல்ஃப் கிளப்பில் பை சுமந்த அலி ஷேர், 1991இல் இந்தியன் ஓபனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரரானார். அவரும் கூலிக்கணக்கும் அடுத்த வாரம், காட்டுமாடு வழிவிட்டால்.

(தொடரும்)