பிடியை விடவும் சக்தி வேண்டும்



பால்மரம் வெட்டுவதும் செம்பனைக் குலை தூக்குவதும் தசையின் வேலை என்பதை நாம் அறிவோம். உண்ட சோறு எவ்வாறு கையின் அசைவாக மாறுகிறது என்பதை இன்று காண்போம்.

தசைக்குள் இருவகை நுண்ணிழைகள் உண்டு. மெல்லியது ஆக்டின் என்னும் புரதத்தால் ஆனது. தடித்தது மயோசின் என்னும் புரதத்தால் ஆனது. தசை சுருங்கும்போது இவ்விழைகள் குறுகுவதில்லை. ஒன்றையொன்று உரசியபடி வழுக்கி நகர்கின்றன. இதனை 1954-ஆம் ஆண்டில் ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் ஒருபுறமும், ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரோல்ஃப் நீடர்கெர்கேயும் மறுபுறமும் ஆராய்ந்து வெளியிட்டனர்.

இழையை நகர்த்துவது எது? மயோசினில் பல சிறு தலைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. கிணற்றில் நீர் இறைப்பதை நினைத்துப் பாருங்கள். ஒரு கை கயிற்றை இழுக்கிறது. பின் விட்டுவிட்டுத் தள்ளிப் பிடிக்கிறது. மயோசின் தலையும் அவ்வாறே ஆக்டினைப் பிடிக்கிறது, இழுக்கிறது, விடுகிறது. ஒரு மில்லிமீட்டரை ஒரு லட்சம் பங்காக்கினால், ஓர் இழுப்பு ஏறத்தாழ ஒரு பங்கு தூரமே. எண்ணற்ற தலைகள் சேர்ந்து இழுப்பதால்தான் நம் கை மடங்குகிறது.

இதற்கான சக்தியைத் தருவது, உணவைக்கொண்டு உடல் தயாரிக்கும் ஏடிபி என்னும் பொருள். ஏடிபி வந்து ஒட்டியதும் தலை பிடியை விடுகிறது. பின்னர் ஏடிபி பிளவுபடுகிறது. அந்தச் சக்தியால் தலை வளைத்த வில்லைப்போல் தயாராகிறது. மீண்டும் ஆக்டினைப் பிடித்ததும் வில் விடுபடுகிறது, இழை நகர்கிறது.

தலை எப்போது பிடிக்கும், எப்போது விடும் என்பதை ஆண்ட்ரூ ஹக்ஸ்லி 1957-இல் ஒரு கணக்காக வகுத்தார். பாரம் கூடக்கூடத் தசையின் வேகம் ஏன் குறைகிறது என்பதை அக்கணக்கு விளக்கியது. கனத்த குலை மெதுவாகவே மேலெழும் அல்லவா?

இறந்தவர் உடல் சில மணி நேரத்தில் விறைத்துப்போவதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். மூச்சு நின்றபின் ஏடிபி தீர்ந்துவிடுகிறது. பிடித்த தலைகளால் விட முடிவதில்லை. ஓரிரு நாளில் புரதங்கள் சிதையத் தொடங்கியதும் விறைப்பு தளர்கிறது. ஆகவே அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பிள்ளைகள் கேட்டால் அமைதியாக விளக்கலாம்.

தசையில் ஏடிபியின் இருப்பு சில விநாடிகளுக்கே போதும். உணவாலும் மூச்சாலும் உடல் அதை ஓயாமல் புதுப்பிக்கிறது. வேலை அவசரத்திலும் பசியாற மறவாதீர்கள்.