தலைமடையும் கடைமடையும்: காணிக் கடனில் முந்துவோர் யாவர்?

மன்னார்த் தீவைக் கடந்து பெருநிலத்திற் கால்வைத்து முருங்கன் பக்கம் செல்வோர் கண்ணிற் கட்டுக்கரைக் குளத்தின் நீண்ட அணை படாமற் போகாது. ஐந்தாம் நூற்றாண்டிற் தாதுசேன மன்னன் கட்டுவித்ததாகப் பலராலும் கூறப்படும் இப்பெருங்குளம், நெடுங்காலம் பாழ்பட்டுக் கிடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் திருத்தப்பெற்று மீண்டும் உயிர்பெற்றது. அருவியாற்று நீரைத் தேக்கம் அணையில் மறித்து, வாய்க்கால் வழியாக இக்குளத்துக்குக் கொண்டுவருகின்றனர். மன்னார் மாவட்டத்து நெல் வயல்களிற் பெரும்பகுதி இதன் நீரையே நம்பி நிற்கின்றது.

நீர் பாயும் முறை இரண்டென்பதை இங்குள்ள கமக்காரர் நன்கறிவர். வாய்க்காலில் வரும் நீர் தலைமடை வயலை நனைத்த பின்னரே கடைமடை வயலை அடையும். இஃது ஒன்று. மழை பொய்த்துச் சிறுபோகத்துக்கு நீர் போதாதவிடத்து, கமக்காரர் கூடிப் பேசி, குறைந்த நிலத்தையே பங்கிட்டு விதைப்பர். இஃது மற்றொன்று. முதலாவது முறை வரிசை. இரண்டாவது முறை பங்கு.

கடன்பட்டவன் காணி ஏலத்துக்கு வரும்போதும் இவ்விரு முறைகளுமே நடைமுறைக்கு வருகின்றன என்று கூறினால் நேயர்கள் வியப்படையலாம். ஆயினும் உண்மை அதுவே.

ஒரு குடும்பத்தின் கணக்கு

கற்பனையாக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தந்தையார் தமது சொந்த உறுதிக் காணியை வைத்து முதலில் ஒருவரிடம் 6 இலட்சம் ரூபாய் பெறுகின்றார். ஈட்டு உறுதி எழுதி முறைப்படி பதிவு செய்கின்றார். அடுத்த ஆண்டு மகளின் திருமணத்துக்காக அதே காணியை வேறொருவருக்கு இரண்டாம் ஈடாக வைத்து 5 இலட்சம் பெறுகின்றார். அதுவும் பதிவாகின்றது. விதைநெல், பசளை, உழவு இயந்திரக் கூலி எனக் கடையிலும் உறவினரிடத்தும் கைமாற்றாக வாங்கியது 4 இலட்சம். மொத்தக் கடன் 15 இலட்சம். காணி ஏலத்திற் பெற்றுத் தந்ததோ 10 இலட்சம்.

முதல் ஈட்டுக்காரர் தமது 6 இலட்சத்தையும் முழுமையாகப் பெறுவார். மீதி 4 இலட்சமும் இரண்டாம் ஈட்டுக்காரரைச் சேரும். அவருக்கு வரவேண்டிய எஞ்சிய 1 இலட்சம், ஈடு இல்லாத வெறுங் கடனாகிவிடும். கைமாற்றுக் கொடுத்த உறவினருக்கு அக்காணியிலிருந்து ஒரு சதமும் கிடையாது. வட்டியையும் வழக்குச் செலவையும் எளிமைக்காக நாம் விட்டுவிட்டோம். சட்டம் தனியே முதன்மை வழங்கியுள்ள சில கோரிக்கைகளையும் சேர்க்கவில்லை.

இனி, அக்காணி எவருக்கும் ஈடு வைக்கப்படவில்லை என்று கொள்வோம். மூவருக்குக் கொடுக்கவேண்டியவை முறையே 6, 5, 5 இலட்சம். விற்பனைப் பணம் 8 இலட்சம் மாத்திரமே. மூவரும் தீர்ப்புப் பெற்று, பணம் நீதிமன்றத்தை அடையுமுன் மனுச் செய்திருப்பாராயின், 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 352ஆம் பிரிவின்படி விகிதாசாரமாகப் பங்கிடப்படும். ரூபாய்க்கு ஐம்பது சதம் என்ற கணக்கில் மூவருக்கும் 3, 2½, 2½ இலட்சம் கிடைக்கும். சிறுபோகப் பங்கீடும் இதுதானே!

ஒல்லாந்தர் தந்த சட்டமும் நம் வழமையும்

ஈட்டுச் சட்டம் நமக்கு எங்கிருந்து வந்தது? 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கீசரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், உரோம நாட்டுச் சட்டத்தையும் தம் நாட்டு வழக்கத்தையும் கலந்த உரோம ஒல்லாந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தனர். காணியைக் கடன்கொடுத்தவர் கையில் ஒப்படையாமலே அதன்மேல் உரிமை ஏற்படுத்தும் முறை உரோமரிடம் இருந்தது. காலத்தால் முந்தியவரே உரிமையால் வலியவர் என்பது அவர்தம் கோட்பாடு.

நம்மவரிடம் அதற்கு முன்னரே ஒற்றி என்னும் வழக்கம் இருந்தது. ஒற்றியில் நிலம் கடன்கொடுத்தவர் கைக்கு மாறும். வட்டிக்குப் பதிலாக விளைவை அவர் எடுத்துக்கொள்வார். முதலைத் திருப்பிக் கொடுத்ததும் நிலம் உடையவரிடம் மீளும். ஒல்லாந்தத் தேசாதிபதி சைமன்சின் கட்டளைப்படி கிளாஸ் ஐசாக்ஸ் என்பார் 1707இல் தொகுத்த யாழ்ப்பாணத் தேசவழமை, ஒற்றிக்கெனத் தனி விதிகளைக் கொண்டுள்ளது. நிலத்தின் தன்மையையும் விளைச்சற் பருவத்தையும் ஒட்டி மீட்கும் காலம் வகுக்கப்பட்டிருந்தது. விதைத்தவன் வியர்வை வீணாகலாகாது என்பதே அதன் கருத்தென நாம் எண்ணுகின்றோம்.

பண்டைய வழமையில் வேறொரு நுட்பமும் இருந்தது. காணியை விற்க விரும்புவோர் முதலில் உரித்தாளருக்கும் பங்காளருக்கும், அதனை ஈடாகப் பெற்றிருந்த அயற்காணிக்காரருக்கும் அறிவிக்க வேண்டும். 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் இம்முன்னுரிமையைப் பங்காளருக்கும், உரித்தாளராக வரக்கூடியோருக்கும் மாத்திரம் உரியதாகச் சுருக்கிற்று. அயற்காணிக்காரர் அவ்வுரிமையை இழந்தார்.

கல்லும் ஏடும்

முந்தியவர் யார் என்பதை எவ்வாறு அறிவது? பண்டைய ஏதென்ஸ் நகரத்தார் இதற்கொரு வழி கண்டனர். ஈடு வைக்கப்பட்ட நிலத்திற் கல் நாட்டி, கடன் கொடுத்தவர் பெயரையும் தொகையையும் அதிற் பொறித்தனர். கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அத்தகைய கற்கள் பல இன்றும் கிடைத்துள்ளன. வழியே போகின்றவனும் அந்நிலத்தின் கடனை அறிவான், ஏமாறமாட்டான்.

இலங்கையில் அந்தக் கல்லின் தொழிலைச் செய்வது காணிப் பதிவகத்தின் ஏடு. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புச் சட்டத்தின்படி, காணியை ஈடு வைப்பதற்கு நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளுடன் உறுதி எழுதப்பட வேண்டும். வாய்ப்பேச்சுக்கோ, முத்திரை ஒட்டிய வெறுங் கடிதத்துக்கோ இங்கு மதிப்பில்லை.

ஆயினும் உறுதி எழுதியவுடன் எல்லாம் முடிந்துவிட்டதெனப் பல குடும்பத்தார் எண்ணிவிடுகின்றனர். இங்கேதான் பெருந்தவறு நேர்கின்றது. நொத்தாரிசு தாம் எழுதிய உறுதிகளின் இரண்டாம் பிரதிகளை மாதந்தோறும் பதிவாளருக்கு அனுப்புவது வேறு. அவ்வுறுதியை அக்காணிக்குரிய ஏட்டிற் பதிவு செய்விப்பது வேறு. 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு கூறுவது இதுவே: பதிவு பெறாத முந்திய உறுதி, பெறுமதி கொடுத்துப் பெற்றுப் பதிவும் செய்யப்பட்ட பிந்திய உறுதிக்கு எதிராகச் செல்லாது.

நமது கற்பனைக் குடும்பத்துக்கு மீண்டும் வருவோம். 6 இலட்சம் கொடுத்தவர் உறுதியைப் பெட்டியிற் பூட்டிவைத்துவிட்டு, பதிவு செய்யாது இருந்தாரென்றால் என்னாகும்? அடுத்த ஆண்டு வந்தவர் முறையாகப் பதிவு செய்தமையால் தலைமடைக்குச் சென்றுவிடுவார். தமது 5 இலட்சத்தையும் முழுதாக எடுத்துக்கொள்வார். முதலிற் கொடுத்தவர் கடைமடையில் நின்று எஞ்சியதற்கே கையேந்த வேண்டும். கொடுத்த நாள் முந்தியதே. பதிந்த நாளோ பிந்திவிட்டது.

ஆனாற் சட்டம் சூதுக்குத் துணைபோவதில்லை. பிந்திய உறுதியைப் பெறுவதிலோ, முந்திப் பதிவதிலோ வஞ்சனையும் கூட்டுச்சதியும் இருந்ததென நிறுவப்பட்டால், அந்த முதன்மை பறிபோகும். பதிவு என்பது முதன்மையைத் தருமேயன்றி, குறையுள்ள உறுதியின் குறையை நீக்காது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

வங்கியும் அனுமதிப்பத்திரக் காணியும்

சாதாரண ஈட்டுக்காரர் 1949ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க ஈட்டுச் சட்டத்தின்படி வழக்குத் தொடுத்துத் தீர்ப்புப் பெற்றே காணியை விற்பிக்க முடியும். வங்கிகளின் நிலை வேறு. 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம், பணிப்பாளர் சபையின் தீர்மானத்தைக் கொண்டே, வழக்கின்றி ஈட்டுக் காணியை ஏலமிடும் அதிகாரத்தை அவற்றுக்கு அளித்தது. பொருளாதார நெருக்கடியிற் பலர் கடனை இறுக்க இயலாது தவித்தமையால், 2024இல் அவ்வதிகாரம் சிறிது காலத்துக்கு இடைநிறுத்தப்பட்டது.

குடியேற்றக் கமக்காரர் பலரிடம் உள்ளவை 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட காணிகள். இவற்றைத் தம் விருப்பம்போல் விற்கவோ ஈடு வைக்கவோ இயலாது. அரசாங்க அதிகாரியின் அனுமதி வேண்டும். நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்றவென இக்காணியைக் கைப்பற்றி ஏலத்தில் விடவும் பொதுவாக இயலாது. இதனாற் கடன் கிடைப்பது அரிது என்று குறைகூறுவோர் உளர். ஆனால் அந்தத் தடையே பல குடும்பங்களின் வயலைக் காத்து நின்ற வேலியுமாகும். இத்தகைய காணிகளை முழுவுரிமை உறுதிகளாக மாற்றிக் கொடுக்கும் திட்டமொன்று 2024இல் தொடங்கப்பட்டது. முழுவுரிமை பெற்றவன் ஈடு வைக்கலாம். ஈடு வைத்தவன் இழக்கவும் கூடும். வேலியை நீக்குவோர் காவலையும் எண்ணிப் பார்க்க வேண்டாவா?

குடும்பத்தார் கவனிக்க

கடன் கொடுப்போர் பணத்தை எண்ணிக் கொடுக்குமுன் பதிவகத்து ஏட்டைத் தேடிப் பார்ப்பாராக. உறுதி எழுதியவுடன், அக்காணிக்குரிய சரியான ஏட்டிலேயே அது பதிவாயிற்றா என்று உறுதிப்படுத்துவாராக. பிழையான ஏட்டிற் பதிந்தது பதியாததற்கு ஒப்பாகும். ஈட்டுக் கடனுக்கு வழக்கிடும் காலவெல்லை பத்தாண்டு என்பதையும் மறவற்க. கடனை இறுத்தோர், ஈடு தீர்ந்ததை எழுத்திற் பெற்று ஏட்டிலும் பதிவிப்பாராக. இன்றேல் இறுத்த கடன் பிள்ளைகள் காலத்திலும் காணியின் தலையில் நிற்கும்.

உறவினரிடம் உறுதி கேட்பது அன்புக்கு இழுக்கென்று கருதிக் கைமாற்றாகக் கொடுப்பவரே நம்மிற் பலர். அவ்வன்பு போற்றத்தக்கது. ஆயினும் வறட்சி வந்த ஆண்டிற் கடைமடையில் நிற்பவரும் அவரே. கட்டுக்கரை வாய்க்காலில் எவர் வயலுக்கு எப்போது நீர் என்பதை விதைப்புக்கு முன்னரே கூடிப் பேசித் தீர்மானிக்கின்றனர்; பயிர் வாடிய பின்னரன்று. கடனிலும் அவ்வாறு முன்னரே பேசி எழுதிக்கொள்வோமாயின், காணியும் நிலைக்கும், உறவும் நிலைக்கும்.